பாதை ஒடுங்கினால் பாலும் முட்டையும் என் செய்யும்?

"சிசுவின் வளர்ச்சி போதாது" என்று மருத்துவர் கூறியதும் எம்மவர் இல்லங்களில் பாலும் முட்டையும் இறைச்சியும் தாயின் முன் குவிகின்றன. அன்பினால் செய்யப்படும் இக்காரியம் பல வேளைகளில் உண்மைக் காரணத்தைத் தொடுவதில்லை.

கருவிலுள்ள சிசு உணவையும் ஒட்சிசனையும் பெறுவது சூல்வித்தகத்தின் வழியாகவே. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தின்போது, அதற்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்கள் பலரில் போதியளவு விரிவடைவதில்லை. பாதை ஒடுங்கியபின் தாய் எவ்வளவு உண்டாலும் சிசுவைச் சேர்வது சிறிதே. அதனால் சிசுவின் நிறை குறைகின்றது. சிலவேளை மாதம் நிறையுமுன்பே பிரசவம் நிகழ்த்த வேண்டியும் நேர்கின்றது.

மேல் எண் 140ஐயோ கீழ் எண் 90ஐயோ எட்டினால் அது உயர் அழுத்தமாகும். 160ஐயோ 110ஐயோ தொட்டால் உடனே வைத்தியசாலை செல்ல வேண்டும். கடும் தலையிடி, பார்வை மங்கல், வலது விலாவின் கீழ் நோவு, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவற்றை "எல்லோருக்கும் வருவதுதானே" என்று தள்ளிவிடலாகாது. ஆயினும் பெரும்பாலும் இந்நோய் எவ்வித வலியும் தருவதில்லை. அளந்து பார்த்தாலன்றி அறிய வழியில்லை.

இங்கேதான் எமது கவலை. விசாரணைக் கடிதத்துக்கும் வேலைக்கும் அஞ்சும் குடும்பங்கள், பரிசோதனை நாளைத் தவறவிடுகின்றன. விசா இல்லாதவருக்கு வைத்தியம் இல்லையென எண்ணுவோரும் உளர். ஜேர்மனியில் 1993ஆம் ஆண்டின் புகலிடம் கோருவோர் உதவிச் சட்டம், கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த தாய்மாருக்கும் வைத்திய உதவியையும் மருத்துவிச்சியின் பராமரிப்பையும் தன் 4ஆம் பிரிவில் உறுதி செய்கின்றது. ஏனைய நாடுகளில் வாழ்வோரும் தமக்குள்ள உரிமையைக் கேட்டறிதல் வேண்டும்.

மொழிபெயர்க்கச் செல்லும் கணவருக்கும் ஒரு வார்த்தை: மனைவி கூறுவதைச் சுருக்காதீர்கள்; முன்னைய பிரசவத்தில் அழுத்தம் இருந்திருப்பின் மறைக்காதீர்கள். அத்தகையோருக்கு ஏறத்தாழ 12ஆம் வாரத்திலிருந்தே குறைந்த அளவு அஸ்பிரின் கொடுத்து ஆபத்தைக் குறைக்க மருத்துவரால் இயலும். ஏற்கெனவே அழுத்த மாத்திரை எடுப்போர், கருவுற்றதும் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சில மாத்திரைகள் சிசுவுக்குத் தீங்கானவை. அவற்றுக்குப் பதிலாகப் பாதுகாப்பானவை உள்ளன. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

யுத்தத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த உயிர்களை அலட்சியத்துக்குப் பலியிடலாமா? அடுத்த பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள்.