ராபின்ஹூட் வேலையை மறந்த 'மெர்ரி மென்': நைஜீரிய சீக்குவல் சறுக்கியது எங்கே?

முதல் பாகம் ஹிட்டா? அப்போ அதே டீம், அதே கெத்து, பில்டப் மட்டும் கொஞ்சம் எக்ஸ்ட்ரா... ரெண்டாம் பாகம் ரெடி! எல்லா ஊர் சினிமாவிலும் ஓடுற ஃபார்முலாதான் இது. 'நாலிவுட்' எனப்படும் நைஜீரிய சினிமாவும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. 2019 டிசம்பர் 20-ல் ரிலீஸான ஆக்‌ஷன் காமெடி 'மெர்ரி மென் 2: அனதர் மிஷன்' அதுக்கு சரியான சாம்பிள்.

முன்கதைச் சுருக்கம்

2018-ல் வந்த முதல் பாகத்தின் பெயர் 'மெர்ரி மென்: தி ரியல் யோருபா டீமன்ஸ்'. பேய்ப்படம்னு நினைச்சுடாதீங்க. பெண்களின் மனசை உடைச்சுட்டுப் போகும் ஸ்டைலான பிளேபாய்களுக்கு நைஜீரிய இளசுகள் வைத்த பட்டப்பெயர்தான் 'யோருபா டீமன்'.

ஏ.ஒய்.மக்குன், ராம்ஸே நூவா, ஜிம் ஐக், ராப் பாடகர் ஃபால்ஸ் என நான்கு பேர். தலைநகர் அபுஜாவில் காரும் பார்ட்டியுமாகத் திரியும் பணக்கார பேச்சிலர்கள். ஆனா, ரகசியமாக ஊழல்வாதிகளிடம் அடித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் ராபின்ஹூட்கள். ஒரு கிராமத்தை இடிக்கத் துடிக்கும் அரசியல்வாதி டேம் மடுக்காதான் வில்லி.

இந்தக் கதைக்குப் பின்னால் நிஜம் இருக்கு. அபுஜா, திட்டமிட்டு உருவாக்கி 1991-ல் தலைநகராக்கப்பட்ட நகரம். 2003 முதல் 2007 வரை அங்கே ஏராளமான குடியிருப்புகள் புல்டோசரால் இடிக்கப்பட்டன. பளபளப்புக்கு நடுவிலும் முதல் பாகத்தில் அந்தக் கோபத்தின் சின்னப் பொறி இருந்துச்சு.

ரெண்டாம் பாகத்தில் என்னாச்சு?

நால்வரில் ஒருவரின் தங்கையை டேம் மடுக்கா கடத்துகிறார். அவரை விடணும்னா, தனக்கு எதிரான ஆதாரங்களை ஊழல் ஒழிப்பு ஆணையமான இ.எஃப்.சி.சி-யிலிருந்து திருடித் தரணும். பேப்பர்ல படிச்சா செம ஒன்லைன்! ஆனா, படம் மூன்று இடங்களில் சறுக்குது.

ஒன்று, ஏழைகள் கதையின் மையத்திலிருந்து விலகிவிடுகிறார்கள். இப்போ பிரச்னை நால்வரின் சொந்தப் பிரச்னை மட்டும்தான். ஏழைகளுக்காகத் திருடாத ராபின்ஹூட், நல்லா டிரஸ் பண்ணின திருடன்தானே பாஸ்?

இரண்டு, கடத்தல். அபுஜா - கடுனா நெடுஞ்சாலையில் பணத்துக்காக ஆட்களைக் கடத்துவது அப்போ அன்றாடச் செய்தி. அந்த பயத்தோடு தியேட்டருக்கு வரும் ரசிகருக்கு, படத்தின் கடத்தல் கதையை நகர்த்தும் ஒரு பட்டன் மட்டுமே. அந்தப் பெண்ணின் பயமோ, குடும்பத்தின் தவிப்போ நமக்குள் இறங்குறதே இல்லை.

மூன்று, கொள்ளை. இந்த மாதிரிப் படங்களில் 'பிளான் என்ன, அது எங்கே சொதப்பும்'ங்கிற டென்ஷன்தான் சுவாரஸ்யமே. இங்கே ஆபத்து சூடு பிடிக்கும் நேரத்தில் காமெடி குறுக்கே வருது. மக்குன் அடிப்படையில் ஸ்டாண்ட்அப் காமெடியன். அவருடைய ஜோக்குகளில் சிரிப்பு வருது, ஆனா அந்தச் சிரிப்பு கதையை ஓர் அடிகூட நகர்த்தலை.

காரணம் மார்க்கெட்தான்

நைஜீரிய மக்கள்தொகை 20 கோடிக்கும் மேல். ஆனா, நாடு முழுக்க இருப்பது சில நூறு ஸ்கிரீன்கள்தான். பலவும் பெருநகர மால்களுக்குள் இருக்கு. கிறிஸ்துமஸ் சீசன் வசூல் ரொம்ப முக்கியம். அதனால போஸ்டரில் நிறைய முகங்கள், ஸ்கிரீனில் சொகுசு கார், பங்களா. திரைக்கதைக்கு மிச்சமிருக்கும் நேரம் கம்மி.

'அங்கே அப்படித்தான் எடுக்க முடியும்'னு சொல்லவும் முடியாது. சரியாக ஆறு வாரங்களுக்கு முன், 2019 நவம்பர் 8-ல் வந்ததும் ஒரு சீக்குவல்தான். 1992-ன் 'லிவிங் இன் பாண்டேஜ்' படத்தின் தொடர்ச்சியான 'பிரேக்கிங் ஃப்ரீ'. இயக்கியவர், மெர்ரி மென்னில் நடித்த அதே ராம்ஸே நூவா! பணத்துக்காக மனைவியைப் பலி கொடுத்த அப்பா, அதே வலையில் சிக்கும் மகன்... பழைய பாவத்தின் பில்லை அடுத்த தலைமுறையிடம் நீட்டியது அந்தக் கதை.

2023 டிசம்பரில் ஃபுன்கே அகின்டேலேயின் 'எ ட்ரைப் கால்டு ஜூடா' வந்தது. அதுவும் கொள்ளை, அதுவும் காமெடி. ஆனா, ஐந்து மகன்கள் திருடப் போவது அம்மாவின் சிறுநீரக சிகிச்சைக்காக. மாட்டினா அம்மா கதி என்னங்கிற பதற்றம் நமக்கும் ஒட்டிக்குது. நைஜீரியாவில் 100 கோடி நைராவைத் தாண்டிய முதல் நாலிவுட் படம் அதுதான்.

மெர்ரி மென்னும் 2023 அக்டோபரில் மூன்றாம் பாகம் வரை வந்துட்டாங்க. பிராண்டு ஓடுது, சந்தேகமே இல்லை. ஆனா, முதல் பாகத்தில் புல்டோசருக்கு முன் நின்ற அந்தக் கிராமத்து மக்களுக்கு அப்புறம் என்னாச்சு? ரெண்டாம் பாகம் சொல்லியிருக்க வேண்டிய கதை அதுதான்.