வீணைக்கு ஒரு சிறிய கூடம் வேண்டும்

வீணைக் கச்சேரிக்குக் கூட்டம் வராது, பெரிய அரங்கில் வீணை எடுபடாது என்ற பேச்சு இசை உலகில் நெடுநாளாக இருக்கிறது. மார்கழி விழாக்களில் மாலை நேரம் பெரும்பாலும் வாய்ப்பாட்டுக்கே போவதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். வீணை தனம்மாளின் வாழ்க்கையை அறிந்தவர்களால் இந்த வாதத்தை ஏற்க முடியாது. அவருடைய வீணையை ஓசை குறைந்தது என்று யாரும் ஒதுக்கவில்லை. அந்த ஓசையைக் கேட்பதற்காகவே சென்னையின் பெரிய வித்வான்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள்.

தனம்மாள் 1867இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய, பெண்கள் வழியாகவே இசையும் நடனமும் கைமாறிவந்த குடும்பம். சியாமா சாஸ்திரி வழிப் பாடாந்தரம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. க்ஷேத்ரக்ஞர் பதங்களைப் பார்வையற்ற ஆசிரியரான பாலதாஸ் நாயுடுவிடமும், முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமும் கற்றார். மும்மூர்த்திகளின் உருப்படிகளோடு அந்தப் பதங்களும் ஜாவளிகளும் சேர்ந்த ஒரு பெரும் களஞ்சியம் அவரிடம் இருந்தது. அச்சில் பார்த்துப் படித்ததல்ல அது. காதால் வாங்கி, விரலில் ஏற்றியது.

வாசிக்கும்போது கூடவே மெல்லப் பாடுவார். விரலில் மீட்டி என்னும் கம்பி வளையத்தை மாட்டிக்கொள்வதில்லை. வெறும் விரலாலேயே தந்தியைத் தொடுவார். இது வெறும் பழக்கமல்ல என்றே நினைக்கிறேன். வீணையில் ஒருமுறை மீட்டினால் அந்த நாதம் சில நொடிகளில் அடங்கிவிடும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தைக் கொண்டுவருவதெல்லாம் அதற்குள் நடந்தாக வேண்டும். வேகமாக அடித்து மீட்டினால் ஓசை பெருகும். ஆனால் மீட்டுகிற சத்தமே முன்னால் வந்து நின்று, ராகம் பின்னால் போய்விடும். தனம்மாள் ஓசையை விட்டுக்கொடுத்து ராகத்தைக் காப்பாற்றினார். அப்படி வாசிக்க, கேட்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் அமைதியாகவும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் இரண்டும் கிடைத்தன.

அதே காலத்தில் வேறொரு கலைஞர் இதற்கு நேர்மாறான வழியில் போனார். மைக் பரவலாகாத அரங்குகளில் வயலின் கடைசி வரிசைவரை கேட்கவில்லை என்று கண்ட மைசூர் டி. சௌடையா, நான்கு தந்திகளோடு மேலும் மூன்று சேர்த்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். அதுவும் மேதைமைதான், அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அரங்கத்துக்கு ஏற்ப வாத்தியத்தை மாற்றுவது ஒன்றே வழி என்று பின்னால் வந்தவர்கள் முடிவுகட்டியதுதான் பிழை. வாத்தியத்துக்கு ஏற்ற இடத்தைத் தேடுவதும் ஒரு வழி என்பதை நாம் மறந்துவிட்டோம்.

அந்த இடம் எப்படி இல்லாமல் போனது என்பதையும் பேசியாக வேண்டும். தனம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தொடங்கிய முயற்சி, 1947இல் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்த சட்டத்தில் முடிந்தது. சிறுமிகள்மீது சுமத்தப்பட்ட கொடுமை ஒழிய வேண்டியதே. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால், பொட்டுக்கட்டுவதற்கு எதிரான பிரச்சாரம் அந்தப் பெண்கள்மீதும் அவர்கள் வீடுகள்மீதும் அவச்சொல்லாகப் படிந்தது. அந்த வீடுகள்தாம் இசைக்கூடங்களாகவும் பள்ளிகளாகவும் இருந்தன. அவை ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது, பாடாந்தரத்தில் ஒரு பகுதியாவது சபாக்களுக்கு வந்துசேர்ந்தது. அருகிலிருந்து கேட்கும் பழக்கம் வரவில்லை.

சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. தனம்மாள் 1938இல் மறைந்தார். அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1973இல் அவருடைய பேத்தி பாலசரஸ்வதிக்கும், 1976இல் இன்னொரு பேத்தி பிருந்தாவுக்கும், பிறகு பேரன் புல்லாங்குழல் விஸ்வநாதனுக்கும் கிடைத்தது. பாட்டியின் களஞ்சியம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இவர்களில் ஒருவர்கூட வீணையால் பெயர்பெற்றவர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தனம்மாளின் இசை குரலிலும் குழலிலும் அபிநயத்திலும் தொடர்ந்தது. அவருடைய விரல்கள் வாசித்த வாசிப்போ, அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் கொலம்பியா நிறுவனத்துக்குக் கொடுத்த சில இசைத்தட்டுகளில் நின்றுவிட்டது. ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே ஓடும் தட்டுகள் அவை.

பின்னர் வீணையிலேயே மைக்கைப் பொருத்தும் முறை வந்தது. எங்கும் கேட்கும்படி ஓசை பெருகியது. நாதம் நெடுநேரம் நின்றது. அதைக்கொண்டு நல்ல கலைஞர்கள் நல்ல இசையைத் தந்திருக்கிறார்கள். ஆனால், பலாமரக் குடத்திலிருந்து காற்றில் கலந்து வரும் நாதம் வேறு, தந்தியின் அதிர்வை மின்சாரம் பெருக்கித் தருவது வேறு. நம்மில் பலர் வீணை என்று அறிந்திருப்பது இரண்டாவதை மட்டுமே. முதலாவதைக் கேட்கவே வாய்ப்புத் தராமல், மக்களுக்கு வீணையில் நாட்டமில்லை என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் பிடிக்காது. சபாக்கள் தங்கள் விழாவில் ஐம்பது, அறுபது பேர் தரையில் அமரக்கூடிய ஒரு கூடத்தை, மைக் இல்லாமல், மாலை நேரத்திலேயே வீணைக்கு ஒதுக்கட்டும். இசைக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று உட்காரவைக்கட்டும். வீட்டில் சற்றுப் பெரிய கூடம் உள்ள ரசிகர்கள் ஒரு வைணிகரை முறையான சன்மானம் கொடுத்து அழைக்கலாம். வருகிறவர்கள் கைபேசியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.