ஏர் ஏறாத சரிவுகள்

செங்கத்தில் இருந்து ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு மலைபடுகடாம். வழி சொல்லும் சாக்கில் பெருங்கௌசிகனார் மலைநாட்டு வெள்ளாமையையே கணக்கெடுத்துவிடுகிறார். தினை, வரகு, எள், அவரை, ஐவன நெல், இஞ்சி என்று பட்டியல் நீள்கிறது. பன்றிக்கு வைத்த பொறியைப் பார்த்து நடங்கள், புனம் காப்பவர் எறியும் கவண்கல்லுக்கு விலகிப் போங்கள் என்று எச்சரிக்கையும் உண்டு. இத்தனை காவல் போட்டுக் காக்கும் அளவுக்கு அங்கே பயிர் இருந்தது. பாட்டில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என்பார்கள். அதை ஒட்டியே எழுவதுதான் ஜவ்வாது மலை.

ஆங்கிலேயர் கண்ணுக்கு அதே மலை முதலில் காடு, அதாவது சந்தனமும் மரமும் தரும் சொத்து. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தபின் காப்புக்காட்டு எல்லைக்குள் நிலம் திருத்தி விதைப்பது குற்றமாயிற்று. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தவர் அல்லர்) நிலத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்: ஏர் பூட்டக்கூடியது உழவுக்காடு, ஏர் ஏறாத சரிவு கொத்துக்காடு. கொத்துக்காட்டில் சில ஆண்டு விதைத்துவிட்டு மண்ணை ஆறப் போடுவார்கள். ஆறப் போட்ட நிலம் அதிகாரிக்குச் சும்மா கிடக்கும் நிலமாகத் தெரிந்தது. நிலம் சும்மா கிடந்தால் அதன் சொந்தக்காரரும் சோம்பேறிதானே! வேட்டை, மேய்ச்சல், கொத்து, ஏர், அதன்பின் நகரம் என்று மனித முன்னேற்றத்துக்கு ஏணி போட்டிருந்த காலம் அது. ஏர் பிடிக்காதவர் ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவராகிவிட்டார். நிலத்தைப் பற்றிய தீர்ப்பு அப்படியே ஆளைப் பற்றிய தீர்ப்பாக மாறியது.

ஜவ்வாது மலைக்காரர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை இந்த ஏணியைத் தலைகீழாக்குகிறது. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் அது இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு அவமானப்பட்டு, ஏழு பெண்களைத் தூக்கிப் போனார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் ஏழு நாய்களைக் கூட்டிக்கொண்டார்கள்; நாய்கள் மட்டும் திரும்பினால் எங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் திரும்பிவிட்டன, கருமாதியும் முடிந்தது. பிறகு உயிரோடு வந்தவர்களை ஊர் ஏற்கவில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி, அங்கே பயிர் செய்து பெருகினார்கள்.

இது வரலாறா என்று தோண்டத் தேவையில்லை. ஏர் தெரிந்த வேளாளர்தான் மேலே போய்க் கொத்தைக் கையில் எடுத்தார் என்பதே அவர்கள் நினைவு. சரிவுக்கு எது பொருந்தும் என்று பார்த்து எடுத்த முடிவு அது. செங்குத்துச் சரிவில் ஏர் போட்டால் அடுத்த மழைக்கு மேல்மண் கீழே போய்விடும் என்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

மண்ணையும் ஆளையும் சேர்த்துப் பார்ப்பது பழைய வழக்கம்தான். மனத்தையும் வயலைப் போலப் பண்படுத்த வேண்டும் என்று ரோமில் சிசரோ எழுதியது கி.மு. 45-இல். நல்ல சிந்தனைதான். ஆனால் அவர் காலத்து ரோமப் பெருந்தோட்டங்களில் உழுதவர்கள் அடிமைகள். வயலை ஒருவர் திருத்த, மனத்தை வேறொருவர் திருத்திக்கொண்டார்.

ஜவ்வாது மலை மேலுள்ள ஜமுனாமரத்தூரில் இந்தப் பங்கீட்டை இன்று சாமையில் பார்க்கலாம். ஆனி, ஆடி மழைக்கு விதைத்து, புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பார்கள். பெரிய உரம் கேட்காது, வறட்சிக்கு அஞ்சாது. வேலை அறுப்போடு முடிவதுமில்லை. மணியோ சிறியது, உமியோ இறுக்கம். அதை உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்கியது பெண்களின் தோள். சாமையைப் புகழ்ந்து எழுதும் நம்மவர்கள் அந்தத் தோள்வலியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 2011 முதல் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைத்தபோது உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்த பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழைத் தானியம் என்ற இளக்காரமும் அதோடு சேர்ந்துகொண்டது.

பிறகு காற்று திரும்பியது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகம் சிறுதானியங்களுக்கென்றே மையம் நடத்துகிறது. அங்கிருந்து வந்த ரகம்தான் அத்தியந்தல் 1 சாமை. சர்க்கரைக்குப் பயந்த நகரவாசி, உடம்பைத் திருத்திக்கொள்ள சாமைப் பொங்கல் சாப்பிடுகிறார். எந்த உணவைக் காட்டி மலைக்காரரைப் பிற்பட்டவர் என்றோமோ, அதையே நம் சுயமுன்னேற்றத்துக்கு விலை கொடுத்து வாங்குகிறோம்.

மலைக்காரரின் முன்னேற்றத்துக்கு நாம் வைத்திருக்கும் வழி வேறு: கீழே இறங்கு. கூலிக்கு இறங்கியவர்களின் கதை 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் என்ன ஆயிற்று என்று தெரியும். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. இறங்காமல் மலை நிலத்திலேயே இருக்க வழி செய்யும் வன உரிமைச் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. ஆனால் நீதிமன்றத் தடையால் தமிழகத்தில் உரிமைப் பட்டா கொடுப்பது 2016 வரை நின்றிருந்தது.

படிப்புக்கு இறங்கியவர்களின் கதை நல்லவிதமாகவும் முடிகிறது. ஜமுனாமரத்தூரை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பெற்ற சில நாளில் சென்னைக்குப் போய்ச் சிவில் நீதிபதித் தேர்வு எழுதி வென்றார்; 2024-இல் தமிழ்நாடே கொண்டாடியது. அவர் பள்ளிப் படிப்புக்குப் போக வேண்டியிருந்தது ஏலகிரி என்னும் இன்னொரு மலைக்கு.

உண்டு உறைவிடப் பள்ளிகள் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவை இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்கு எழுத்தே எட்டாது. ஆனால் விதைப்பும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் பிள்ளை விடுதியில் இருக்கிறது. எந்தச் சரிவில் எந்த விதை, எத்தனை ஆண்டு ஆறப் போட வேண்டும் என்பது பார்த்துப் பழக வேண்டிய படிப்பு. அதற்கு மதிப்பெண் இல்லாததால் அது படிப்பாகவே எண்ணப்படுவதில்லை. பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒன்றைப் பெற மற்றதை விட்டுவிடுகிறது பிள்ளை. இந்தத் தேர்வை நகரத்துப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். வேறொரு சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்டுகிறார்கள். ஜமுனாமரத்தூர் வட்டத்துப் பள்ளிகளுக்கு மட்டும் சாமை அறுப்புக்கு ஒரு வாரம் அப்படி விடலாம். விடுதிச் சமையலுக்கான சாமையை அந்த வாரமே, பிள்ளைகளின் வீட்டுக் களத்திலேயே, நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.