கொழும்பில் ஒலிக்கும் எச்சரிக்கை கல்முனையில் ஒலிக்குமா?



அனர்த்த எச்சரிக்கைக்கென்று செயலிகளும் கருவிகளும் வந்துகொண்டே இருக்கின்றன. மேடையில் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார், முன்வரிசையில் இருப்பவரின் தொலைபேசி அலறுகிறது, கைதட்டுகிறார்கள். பரிசோதனை முடிந்ததாம். குளிரூட்டிய மண்டபத்தில், முழுச் சிக்னலில், சார்ஜ் நிறைந்த புதுத் தொலைபேசியில் ஒலித்ததை நாங்கள் பரிசோதனை என்று ஏற்கமாட்டோம்.

தோட்டத் தொழிலாளர் பத்திரிகையில் கடற்கரைக் கதை எதற்கு? மருதமுனைச் சாரம் நம் லயங்களுக்கு வருவதுபோல மருதமுனையின் துயரமும் நமக்கு வந்து சேர வேண்டியதுதான். 2004 டிசம்பர் 26 காலை 6.58க்குச் சுமாத்திராவில் பூமி அதிர்ந்தது. அலை கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அத்தனை நேரம் இருந்தும் மருதமுனைக்கோ கல்முனைக்கோ சாய்ந்தமருதுக்கோ ஒரு சொல் வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்தபோது நிலைமை வேறு. அங்கே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை லயத்திலிருந்தவர்களை வெளியே கொண்டுவரவில்லை.

சுனாமிக்குப் பின் லேர்ன்ஏசியாவும் சர்வோதயமும் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 32 கரையோரக் கிராமங்களில் கருவிகளைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தன. செய்மதி வானொலி, கைத்தொலைபேசி, ஜிஎஸ்எம் அலையில் இயங்கும் அலாரப் பெட்டி எல்லாம் அதில் இருந்தன. முறை அதுதான்: கிராமத்துக்குப் போய், கிராமத்துச் சிக்னலில் பார்ப்பது. ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைக்கக் கூடாது. அந்த வானொலியை நடத்திய வேர்ல்ட்ஸ்பேஸ் கம்பனி 2008இல் வங்குரோத்தானது. அத்தோடு அந்த வழியும் போயிற்று.

இனி நம்மை நேரடியாகச் சுடும் விடயம். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடமுண்டு. தமிழுக்கும் சிங்களத்துக்கும் 70தான், அதிலும் நம் கொம்பும் புள்ளியும் தனித்தனியே கணக்காகும். அதனால் ஆங்கிலத்தில் ஒன்றாகப் போகும் எச்சரிக்கை தமிழில் மூன்று நான்கு துண்டுகளாகப் போகிறது. நல்ல சிக்னலில் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் ஒரு துண்டு நின்றாலும் முழுச்செய்தி கிடைக்காது. ஆங்கிலத்தில் அனுப்பிப் பார்த்து "சரி" போட்டவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆபத்து நேரத்தில் எல்லாரும் ஒரே கோபுரத்தின் வழியே வீட்டுக்கு அழைப்பார்கள். குறுஞ்செய்தி வரிசையில் காத்துக் கிடக்கும், மூன்று மணித்தியாலம் கழித்து "உடனே ஓடுங்கள்" என்று வந்து நிற்கும். செல் புரோட்காஸ்ட் முறையில் கோபுரம் தன் எல்லையிலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடும், அதில் வரிசையில்லை. ஆனால் மின்சாரம் போய்க் கோபுரத்து பற்றரியும் தீர்ந்தால் அதுவும் ஊமை. பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் கோவில் ஒலிபெருக்கிக்கும் இதே கதிதான். அவற்றுக்குத் தனி பற்றரி வாங்கித் தர எந்தத் திட்டத்திலும் காசில்லை, செயலித் திறப்பு விழாவுக்கு உண்டு!

"சிக்னல் தருவது கம்பனியின் வேலை, செயலி மட்டுமே எங்கள் வேலை" என்பார்கள். கொழுந்து நனைந்திருந்தால் நிறையில் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு, செயலியைச் சோதிக்கும்போது மட்டும் மழை ஞாபகம் வராதா? அலைவேகத்தை வேண்டுமென்றே 2ஜிக்குக் குறைத்து, இடையிடையே அறுத்து, செய்தியைத் தாமதப்படுத்தி, பழைய தொலைபேசியில் பார்ப்பது மென்பொருள்காரர்களுக்குத் தெரிந்த சாதாரண வேலை. செய்யச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் சொல்கிறோம். ஒத்திகை வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், கல்முனைக் கரை வாடியிலும் மலை லயத்திலும், தமிழில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு நடக்கட்டும். எத்தனை பேருக்கு, எத்தனை நிமிடத்தில், முழுதாகக் கிடைத்தது என்ற கணக்கைப் பிரதேச செயலகத்தில் ஒட்டட்டும். காலாவதி நேரம் குறிக்காத எச்சரிக்கை வெளிவரக் கூடாது.

கிளைத் தலைவர்கள் இந்த மாதக் கூட்டத்துக்கு முன், தங்கள் தோட்டத்தில் எந்த லயத்தில் சிக்னல் கிடைக்கிறது, எந்த லயத்தில் கிடைக்கவில்லை, மின்சாரம் போனால் எவ்வளவு நேரத்தில் அது அறுகிறது என்று எழுதி அனுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குக் கொடுக்கும் மனுவோடு அதை இணைக்கப்போகிறோம்.