சோயாவும் ஆசாரமும்

மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டை தாராளமாய் விற்கட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம், விலையும் மலிவு. (கறியிலும் முட்டையிலுமுள்ள பி12 சத்து மாத்திரம் அதில் இயற்கையாய்க் கிடையாது.) ஆனால், அதைக் காட்டி, "இனிப் பிள்ளைகளுக்கு முட்டை எதற்கு?" என்கிறார்களே, அந்தப் புரட்டைத்தான் கண்டிக்கின்றோம்.

2021-இல் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை போடத் தொடங்கியதும் மடாதிபதிகள் சிலர் சீறியெழுந்தனர். பிள்ளைகளின் சோகை அவர்கள் கண்ணில் படவில்லை, ஆசாரம்தான் பட்டது. மாட்டின் பாலும் நெய்யும் இவர்களுக்குச் சுத்தம். கோழியின் முட்டை மட்டும் தீட்டாம்!

கறி தின்பதால்தான் கீழ்ஜாதி என்று கதைக்கும் பெரியோர்களே! நாளை முதல் சேரி முழுவதும் சோயாவே தின்றால், உங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கொடுப்பீர்களா? பெண் கொடுப்பீர்களா?