ரேடியேட்டர் வாங்கப் போறீங்களா? "செம்பா அலுமினியமா"ன்னு ஆரம்பிக்காதீங்க!

கவிதைக்கு சண்டை போட்டாச்சு, சினிமாவுக்கு சண்டை போட்டாச்சு, அரசியலுக்குக் கேக்கவே வேண்டாம். ரேடியேட்டருக்காக மட்டும் நம்ம மக்கள் இன்னும் ஒரு பதிவு கூட போடலை. அந்தக் குறையை இன்னைக்குத் தீர்த்துடலாம் :-)

லாரிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஜன்னலை மூடிடாதீங்க. நீங்க சாப்பிடற முட்டையும், வீடு கட்டற சிமெண்டும் ஒரு டீசல் எஞ்சின் சூடாகாம ஓடினதாலதான் உங்க தெருவுக்கு வந்து சேர்ந்தது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது லாரித் தொழில்ல இருப்பாங்க. எங்க குடும்பத்துலயும் அப்படித்தான். சித்தப்பா ஒத்தை லாரிக்கு முதலாளி, மாமா ஒருத்தர் முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவர். இந்த ரெண்டு பேரையும் ஒரே திண்ணையில உக்கார வச்சு ரேடியேட்டர்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். "செம்புதான்டா நிக்கும்"னு மாமா. "அதெல்லாம் அந்தக் காலம் மாப்ளே, இப்போ எல்லாம் அலுமினியம்"னு சித்தப்பா. காபி ஆறிப்போகும், சண்டை ஆறாது.

என் கட்சி என்னன்னா, அந்தக் கேள்வியே தப்பு. முதல்ல கேக்க வேண்டியது வேற மூணு கேள்வி. வண்டி எந்த ரோட்டுல ஓடுது? உள்ளே என்ன தண்ணி ஊத்தறீங்க? நடுவழியில நின்னா யார் சரி பண்ணுவாங்க? இதுக்குப் பதில் தெரிஞ்சா உலோகம் தானா முடிவாயிடும்.

முதல்ல கொஞ்சம் கணக்கு

ஒரு லிட்டர் டீசல்ல ஏறக்குறைய 10 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி இருக்கு. நல்ல லாரி எஞ்சின் அதுல 4 யூனிட்டை வேலையா மாத்தும். மீதி சூடு. அதுல பெரும்பங்கு புகையோட போயிடும். மொத்தத்துல சுமார் கால்வாசி எஞ்சினைச் சுத்தி ஓடற தண்ணிக்கு வரும்.

லோடு ஏத்தின வண்டி மலையேறும்போது மணிக்கு 25 லிட்டர் டீசல் குடிக்குதுன்னு வச்சுக்குங்க. 250 யூனிட். அதுல கால்வாசின்னா 60 யூனிட்டுக்கு மேல. அதாவது குளியலறையில மாட்டற 2 கிலோவாட் கீசர் முப்பதை ஒண்ணா போட்டு விட்ட மாதிரி. அத்தனை சூட்டையும் முன்னாடி இருக்கற அந்த ஒரு சல்லடைதான் காத்துல கரைச்சு விடணும். அது ஒரு பத்து நிமிஷம் தவறினா கேஸ்கட் போகும், ஹெட் வளையும், சில சமயம் எஞ்சினே பிடிச்சுக்கும்.

இதுல கொடுமை என்னன்னா, சூடு அதிகமா இருக்கற இடத்துல காத்து கம்மி. பண்ணாரியிலேருந்து திம்பம் ஏறிப் பாருங்க. 27 கொண்டை ஊசி வளைவு. முதல் கியர், ரெண்டாவது கியர்லயே ஊர்ந்து போகணும். எஞ்சின் முழு மூச்சுல கத்தும், ஆனா வண்டி வேகமா போனா முன்னாடி வந்து மோதுற காத்து அங்க இருக்காது. எல்லாம் ஃபேன் இழுக்கற காத்துதான். அதனால சமவெளியில சேலம் - சென்னை ஓட்டிப் பார்த்துட்டு "நம்ம ரேடியேட்டர் சூப்பர்"னு சொல்றதுக்கு அர்த்தமே இல்லை. ரேடியேட்டருக்குப் பரீட்சை ஹால் மலைதான்.

செம்புக் கட்சி சொல்றது எவ்வளவு உண்மை?

சூட்டைக் கடத்தறதுல செம்பு 400 மார்க் எடுத்தா அலுமினியம் 240-க்குள்ள தான். இதை வச்சுத்தான் மாமா கட்சி ஜெயிச்சுட்டதா நினைக்குது. ஆனா "செம்பு ரேடியேட்டர்"னு சொல்றோமே, அதுல தண்ணி ஓடற குழாய் பித்தளை. அதுக்கு மார்க் 110, 120 தான். இறக்கை மட்டும்தான் செம்பு. ரெண்டையும் ஒட்ட வச்சிருக்கற ஈயப் பத்துக்கு இன்னும் கம்மி, 50 சுமார். அலுமினியத்துல ஈயம் கிடையாது, குழாயும் இறக்கையும் அடுப்புல ஒண்ணா உருக்கி இணைச்சது. குழாயையும் நல்ல அகலமா வைக்கலாம். எடையும் கம்மி, அலுமினியத்தோட அடர்த்தி செம்புல மூணுல ஒரு பங்கு கூட இல்லை.

இன்னொண்ணு, சூடு மாட்டிக்கிட்டு நிக்கற இடம் உலோகமே இல்லைங்க. உலோகத்துலேருந்து காத்துக்குத் தாவற இடம்தான் நெருக்கடி. அதனால இறக்கையோட பரப்பும், அதுக்குள்ள போற காத்தோட அளவும்தான் முக்கியம்.

அப்போ அலுமினியக் கட்சி ஜெயிச்சுதா?

அதுவும் இல்லை. செம்பு - பித்தளைக்கு ஒரு பெரிய வரம் இருக்கு. அதைக் கழட்டிப் பூட்டலாம். ஓட்டை விழுந்தா எந்த ஊர் ரேடியேட்டர் கடைக்காரரும் ஈயம் வச்சு ஒரு மணி நேரத்துல அடைச்சுடுவார். உப்பு அடைச்சா மேல் டேங்க்கைப் பிரிச்சு, குழாய்க்குள்ள கம்பி விட்டுக் குத்தி எடுத்துட்டுத் திரும்பப் பத்த வைப்பார். ரொம்ப மோசமானா கோர் மட்டும் மாத்திக்கலாம். கடைசியில காயலான் கடையில போட்டாலும் செம்புக்குக் காசு உண்டு.

லாரியில வர்ற அலுமினிய ரேடியேட்டர் பெரும்பாலும் மேலயும் கீழயும் (இல்லாட்டி ரெண்டு பக்கமும்) பிளாஸ்டிக் டேங்க், நடுவுல ரப்பர் கேஸ்கட், சுத்தி மடிச்சுப் பிடிச்ச விளிம்பு. பிளாஸ்டிக் விரிசல் விட்டா நடுரோட்டுல ஒண்ணும் பண்ண முடியாது. புதுசு வர்ற வரைக்கும் டிரைவர் அங்கேயே சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கணும்.

அதனால என் தீர்ப்பு இதுதான். கல்குவாரி, செங்கல் சூளை, மண்ணு அடிக்கற பழைய வண்டின்னா செம்பு - பித்தளை கோர். குலுங்கலும் தூசியும் அடியும் தினசரி, ரிப்பேர் உள்ளூர்லயே நடக்கணும். 2017-க்கு அப்புறம் வந்த பிஎஸ் 4, 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 வண்டி, லாங் ரூட்டுன்னா, கம்பெனி என்ன அளவுல என்ன வகை போட்டுக் குடுத்ததோ அதே அளவு அலுமினியம். அதுல புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம்.

ஏன் வேண்டாம்னு சொல்றேன்னா, புது வண்டியில ரேடியேட்டர் தனி ஆள் கிடையாது. அதுக்கு முன்னாடி இன்டர்கூலர் நிக்குது. 2025-லேருந்து புது கனரக லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம் ஆனதால ஏசி கண்டென்சரும் முன்னாடி சேர்ந்துக்கிச்சு. சில எஞ்சின்ல புகையைக் குளிர வைக்கற வேலையும் இதே தண்ணிக்குத்தான். உதாரணத்துக்கு, வெளியில 40 டிகிரி, உள்ளே தண்ணி 90 டிகிரின்னா வித்தியாசம் 50. முன்னாடி இருக்கறதுகளைத் தாண்டி வர்றதுக்குள்ள காத்து 55 ஆயிட்டா வித்தியாசம் வெறும் 35. அதே ரேடியேட்டர் 30 சதவீதம் வேலையை இழந்துடுச்சு! அளவு ஒரு அங்குலம் மாறினாலும், ஃபேன் கூண்டு சரியா உக்காராம போனாலும் காத்து சந்து வழியா தப்பிச்சிடும்.

"நாலு ரோ போட்டுடுங்க பாய்!"

கடைக்குப் போனதும் நம்ம ஆளுங்க சொல்ற முதல் வசனம். மூணு வரிசைக் குழாய் இருந்த இடத்துல நாலு வரிசை போட்டா கூடுதலா குளிரும்னு ஒரு நம்பிக்கை. மேல சொன்ன கணக்குதான் இங்கயும். முதல் வரிசையைத் தொட்டுட்டு வர்ற காத்து சூடாயிடும், நாலாவது வரிசைக்குக் கிடைக்கறது வெந்நீர்க் காத்து. தடிமன் கூடக் கூட காத்து உள்ளே நுழையறதும் கஷ்டம். ஃபேன் அதை இழுக்கற அளவுக்கு இல்லைன்னா நாலாவது வரிசை தண்டச்சோறு.

இறக்கை நெருக்கமும் அப்படித்தான். கடையில வச்சுப் பார்த்தா நெருக்கமான இறக்கை அழகா இருக்கும், சுத்தமா இருக்கற வரைக்கும் நல்லாவும் குளிரும். பஞ்சு, வைக்கோல், உமி, குவாரித் தூசி ஓடற ரூட்டுல ஒரே மாசத்துல அடைச்சுக்கும். அங்கெல்லாம் கொஞ்சம் இடைவெளி விட்ட இறக்கைதான் புத்திசாலித்தனம். கழுவும்போது ஃபேன் பக்கத்துலேருந்து முன்பக்கமா, மெதுவான தண்ணியில கழுவணும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்ட வச்சு அடிச்சா இறக்கை மடங்கி காத்து வழி அடைஞ்சுடும்.

அப்புறம் முன்னாடி மாட்டற அலங்காரத் தகடு, ஷோ கிரில், ஸ்டிக்கர் போர்டு. அழகுக்கு நான் எதிரி இல்லை. ஆனா மூக்கைப் பொத்திக்கிட்டு மலையேறச் சொன்னா நீங்க ஏறுவீங்களா?

தண்ணி விஷயம்

என் கோபமெல்லாம் இங்கதான். எவ்வளவு நல்ல ரேடியேட்டர் வாங்கினாலும் அதுல நம்ம ஊர் போர் தண்ணியை ஊத்தினா முடிஞ்சது கதை. நம்ம வீட்டு வெந்நீர் அண்டாவுல படியுதே அந்த வெள்ளைக் காரை, அதேதான் குழாய்க்குள்ளயும் சிலிண்டரைச் சுத்தியும் படியும். அலுமினியத்துக்கு இன்னும் மோசம், தண்ணியில இருக்கற உப்பு அதைப் புள்ளி புள்ளியா அரிச்சிடும்.

கூலன்ட்டுன்னா "குளிர் ஊருக்குப் போறவனுக்கு"ன்னு ஒரு நினைப்பு. காஷ்மீர் போற வண்டிக்கு அது உறையாம காப்பாத்தும், சரிதான். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 35 வரைக்கும் தாங்கும். ஆனா நம்ம ஊருக்கும் அதுதான் மருந்து. கொதிநிலையை ஏத்தும், துருவைத் தடுக்கும், லைனர்ல ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழறதைக் குறைக்கும். வண்டிப் புத்தகத்துல சொன்ன வகையை, சுத்திகரிச்ச தண்ணியோட கலந்து ஊத்தணும். நிறத்தைப் பார்த்து ஊத்தக் கூடாது.

மூடியும் சாதாரண மூடி இல்லை. ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்கு மேல ஏறும். 15 பவுண்டு மூடி சரியா இருந்தா வெறும் தண்ணி கூட 120 கிட்டதான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியைப் போட்டுக்கிட்டு ரேடியேட்டரை மாத்தறவங்க எத்தனை பேர்!

ஒழுகினா மஞ்சத்தூள் போடறது நம்ம தேசிய வைத்தியம். நடுக்காட்டுல ஊர் போய்ச் சேர அது உதவும், மறுக்கலை. ஊர் வந்ததும் முழுசா அலசி எடுக்கணும். இல்லாட்டி ஓட்டையோட சேர்த்து நல்ல குழாயையும் அடைச்சிடும். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியறது இன்னொரு வைத்தியம். பல எஞ்சின்ல அதைப் பிடுங்கினா பைபாஸ் வழி மூடாம போய், பாதித் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே சுத்திக்கிட்டு இருக்கும். கூடுதலா சூடாகும்!

வாங்கறதுக்கு முன்னாடி

1. உண்மையிலேயே ரேடியேட்டர்தான் குற்றவாளியான்னு பாருங்க. பெல்ட், ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட், மூடி, வாட்டர் பம்ப், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைஞ்ச குப்பை. இதெல்லாம் மலிவான குற்றவாளிகள்.
2. ஓடின வண்டியில கோரோட முகத்தை வெப்பமானி துப்பாக்கியால வரிசையா அளந்து பாருங்க. நடுவுல திட்டுத் திட்டா குளிர்ச்சியா இருந்தா அங்க குழாய் அடைச்சிருக்கு.
3. பழைய கோரோட உயரம், அகலம், தடிமன், குழாய் எண்ணிக்கை எழுதிக்கிட்டுப் போங்க. "பார்த்தா அதே மாதிரிதான் இருக்கு"ங்கறது அளவு இல்லை.
4. தொட்டியில முக்கி காத்தடிச்சுக் காட்டச் சொல்லுங்க. குமிழி வந்தா வாங்காதீங்க.
5. தாங்கு ரப்பரைப் புதுசா மாத்துங்க. பாதி ரேடியேட்டர் சூட்டுல சாகறதில்லை, குலுக்கல்லதான் சாகுது.

கடைசியா, யார் முடிவு?

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, ரேடியேட்டரை வாங்கறது முதலாளி, அதோட மலையேறறது டிரைவர். சித்தப்பா வண்டியில ஒரு தடவை அளவு குறைஞ்ச, விலை குறைஞ்ச கோர் ஒண்ணு மாட்டினாங்க. திம்பத்துல முள்ளு சிவப்புக்குப் போச்சு. பின்னாடி நிக்கற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது, டிரைவர் அண்ணன் அவசரத்துல மூடியைத் திறந்துட்டார். அழுத்தத்துல இருக்கற தண்ணி, திறந்த நொடியில ஆவியா சீறும். முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. ஹெட் கேஸ்கட் செலவை சித்தப்பா ரெண்டு மாசத்துல மறந்துட்டார். அந்த அண்ணன் ரெண்டு மாசம் ஸ்டியரிங்கே பிடிக்கலை. ஓட்டாத நாளுக்குப் படி கிடையாது.

அதனால என் கருத்து, செம்போ அலுமினியமோ, ரேடியேட்டர் கடைக்குப் போகும்போது டிரைவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. எந்த வளைவுல முள்ளு ஏறுதுன்னு அவருக்குத்தான் தெரியும். சூடானா ஓரமா நிறுத்தி, எஞ்சின் ஆறி, மேல் ஹோஸ் கையால தொடற அளவுக்கு வந்தப்புறம்தான் மூடியைத் தொடணும்னும், அதுவரைக்கும் லோடு லேட் ஆனா "நான் பேசிக்கறேன்"னும் அவருக்குச் சொல்லி வைங்க. கடையில விக்கற எந்த ரேடியேட்டரும் குடுக்காத பாதுகாப்பு அந்த ஒரு வார்த்தைதான்.

செம்புக் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க. மாமாவுக்குப் படிச்சுக் காட்டணும் :-)

பி.கு: டிராக்டர், ஜெனரேட்டர் வச்சிருக்கறவங்களுக்கும் மேல சொன்ன தண்ணிக் கணக்கு அப்படியே பொருந்தும். ஜெனரேட்டர் நின்ன இடத்துலயே ஓடறதால அதுக்குத் தினமும் திம்பம்தான்.