வழிவிடும் பண்பு

ஸ்காட்லாந்தின் வடகோடியில், கடலோரமாகவும் மலைகளினூடேயும் ஓர் அழகிய சாலை செல்கிறது. இன்வர்னஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் இச்சுற்றுவழியின் நீளம் ஏறத்தாழ 830 கிலோமீட்டர். 2015ஆம் ஆண்டு இதற்கு ‘நார்த் கோஸ்ட் 500’ எனப் பெயர் சூட்டப்பட்டது. அதன்பின், கேரவன் எனும் வீட்டு வண்டியைக் காரின் பின்னே பூட்டிக்கொண்டு வருவோரும் பெருகினர்.

இச்சாலையில் பல இடங்களில் ஒரு வண்டிக்கே இடமுண்டு. எதிரே வருவோர்க்கு வழிவிடவும், பின்னே வருவோரை முந்தவிடவும் ஆங்காங்கே ஒதுங்குமிடங்கள் அமைத்துள்ளனர். அங்கே கேரவனை நிறுத்தி உண்பதும் உறங்குவதும் தகுமோ? பின்னால் காத்திருப்பவர் நோயாளியைக் காண விரையும் மருத்துவராக இருக்கலாம். நம்மைப் போன்ற பள்ளி மாணவியாகவும் இருக்கலாம். நமக்கு அது உல்லாசப் பயணம். அவர்களுக்கோ அன்றாட வாழ்வு.

626 மீட்டர் உயரமுள்ள ‘பியாலக் நா பா’ கணவாயின் அடிவாரத்தில், கேரவன்கள் மேலே செல்வது உகந்ததன்று என ஓர் அறிவிப்புப் பலகை எச்சரிக்கிறது. அதைக் கண்டு திரும்புவது கோழைத்தனமன்று. பிறர்நலம் பேணும் அறிவாகும்.

பயணிகளே வரக்கூடாது என்று நாம் கூறவில்லை. அவர்களால் அவ்வூர்க் கடைகளும் விடுதிகளும் பிழைக்கின்றன. ஆனால் விருந்தினர் வீட்டுக்காரரின் வாசலை அடைக்கலாகாது. அயலாரை நேசிக்கக் கற்ற நமக்கு, ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்பது பாரமாகுமா?